சீமோனின் மேற்பல்லும் நாலு விசில்களும்

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம் சீமோனுக்குப் புதுப் பொய்ப்பல் வந்தது. அதே மாதத்தில்தான் அவர் ஸ்காபரோவில் தங்கள் பங்குக் கோயிலின் விசில் குழுவிலும் பெயர் கொடுத்திருந்தார். ஐரிஷ்காரர் கொண்டாடும் புனித பற்றிக் திருநாள் விருந்தில் வாசிப்பதற்காகப் பாதர் சேர்த்த குழு அது. ரின் விசில் என்பது ஆறு துளையுள்ள மெல்லிய உலோகக் குழல், அயர்லாந்துக்காரருக்கு உயிர். சீமோனுக்கு மூச்சில் குறைவில்லை. ஆனால் இரண்டு வரி வாசித்ததும் மேற்பல் கழன்று விசிலின் மேல் குந்திவிடும். அதற்குப் பிறகு வருவது பாட்டல்ல, கடகடப்பு.

"விசில் பாரமப்பா. அதுதான் பல்லை இழுக்குது," என்றார் மனைவி கிளடிஸிடம்.

"பல்லை இறுக்க வேண்டியதுதானே?"

"டென்ரிஸ்ற் திருநாள் முடிஞ்ச பிறகுதான் பாப்பாராம்."

குழுவைப் பழக்கிய மிஸிஸ் டோயில் நல்ல மனுஷி. சீமோன் வேறு விசில் கேட்டதும், காரணம் கேட்காமலே தன்னிடமிருந்த நாலு விசில்களையும் கொடுத்தனுப்பினார். ஒன்று பித்தளை, ஒன்று நிக்கல் பூசியது, ஒன்று பழைய தகரம், மற்றது பிளாஸ்ரிக் வாய் வைத்த அலுமினியம். சீமோன் அவற்றைக் குளியலறைத் தராசில் வைத்தார். நாலுக்கும் அது பூச்சியம் காட்டியது. விசிலைப் பிடித்தபடி தானே ஏறினார். தன் எடையைக் கண்டு மனம் நொந்து இறங்கினார்.

அடுத்த நாள் கிளடிஸையும் கூட்டிக்கொண்டு இராஜரட்ணத்தின் நகைக்கடைக்குப் போனார். அங்கே தங்கம் நிறுக்கும் தராசு இருந்தது.

"அண்ணை, உது எத்தினை காரட்?"

"தகரமடாப்பா. நிறுத்துச் சொல்லு."

இராஜரட்ணம் விசில்களைத் துடைத்து ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். தாலிக்கொடி பார்க்க வந்திருந்த ஒரு குடும்பமும் அதை விட்டுவிட்டு இதைப் பார்க்கச் சுற்றி நின்றது. பித்தளை நாற்பத்தொரு கிராம். நிக்கல் அதைவிடக் கொஞ்சம் குறைவு. தகரம் முப்பது. அலுமினியம் இருபத்திரண்டே கிராம்.

"மூண்டு பவுணும் வராது," என்றார் இராஜரட்ணம், கவலையோடு.

சீமோன் மகிழ்ந்துபோய் அலுமினியத்தை அங்கேயே ஊதினார். நாலு வரிக்குப் பல் நின்றது. ஐந்தாவதில் வாயை விட்டுப் பாய்ந்து காப்புத் தட்டில் விழுந்தது. தாலிக்கொடி பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய் வீரிட்டார். இராஜரட்ணம் அசையாமல் விசிலை வாங்கித் திரும்பவும் நிறுத்தார்.

"இப்ப இருபத்திநாலு. கூடின ரெண்டு கிராமும் உங்கடை துப்பல், அண்ணை."

கிளடிஸ் பல்லைப் பொறுக்கிக் கைலேஞ்சியில் சுற்றினார். "இஞ்சருங்கோ, உலகத்து விசிலெல்லாம் நிறுத்துப் பாத்திட்டியள். பல்லில்லாமல் ஊதினால் என்ன?"

சீமோன் பித்தளையை எடுத்து ஊதினார். நாதம் சுத்தமாகக் கிளம்பியது. தாலிக்கொடிக் குடும்பம் கைதட்டியது. நாலிலும் பாரமானதையே அவர் தேர்ந்தெடுத்தார்.

விருந்தன்று பல் கிளடிஸின் கைப்பையில் இருந்தது. வாசிப்பு அருமையாகப் போனது. ஆனால் முடிந்ததும் பாதர் மைக்கை நீட்டி, சீமோன் இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவித்துவிட்டார். கிளடிஸோ மண்டபத்தின் மறுகோடியில் சாப்பாட்டு வரிசையில். சீமோன் ஆங்கிலத்தில்தான் நன்றி சொன்னார். வெளியே வந்ததெல்லாம் காற்றும் ஷகரமும்.

முன்வரிசையிலிருந்து ஒரு வயதான ஐரிஷ்காரர் எழுந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"இந்த மனிதர் எங்கள் பழைய ஐரிஷ் மொழியில் பேசுகிறார்! என் தகப்பனுக்குப் பிறகு இவ்வளவு சுத்தமாக யாரும் பேசிக் கேட்டதில்லை!" என்று உரத்துச் சொன்னார்.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கிழவர் சீமோனைக் கட்டிப்பிடித்து நெடுநேரம் ஏதோ கேட்டுக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது காரில் கிளடிஸ் பல்லை நீட்டினார். "அந்த மனுசன் என்னவாம்?"

சீமோன் பல்லைப் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டார். "வாற மாதம் தங்கடை சங்கத்திலை வந்து பேசட்டாம். ஏலாதெண்டுதான் சொன்னன். அவர் என்னத்தை விளங்கினாரோ தெரியேல்லை, திகதி குறிச்சுக்கொண்டு போறார்."