துளிர்க்கும் உத்திரங்களுடன் வீடு விற்பனைக்கு

ரொலானின் கொட்டகையில் ஏழு உத்திரங்களும் ஏப்ரலில் துளிர்க்கும், ஜூனில் பூக்கும், அக்டோபரில் காய் உதிர்க்கும். சமையலறைப் பக்கம் உள்ள இரண்டாவது உத்திரம் மட்டும் ஒரு வாரம் பிந்தும். அங்கே வெளிச்சம் குறைவு. எல்லாம் செஸ்நட் மரம்தான், அறுத்து, இழைத்து, மர ஆப்பு அடித்து ஏற்றியவை. பத்தொன்பது வருடமாக இது நடக்கிறது. எங்கள் லவெர்ன் கிராமத்தில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அந்த வீட்டு சோபாவில் உட்காரும் முன் மேலிருந்து விழுந்த முள்ளுக்காய் கிடக்கிறதா என்று ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

ரொலான் தபால்காரராக இருந்தவர். அவரும் மனைவி கிஸ்லேனும் அந்த வீட்டை வாங்கியபோது அதற்கு இருநூறு வயது. வீட்டுக்குள் நின்றால் வானம் தெரியும். பக்கத்துக் கொட்டகையில் கீழே பழைய சாணம், மேலே கறுத்த வைக்கோல். பன்னிரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அவர்கள் அந்தக் கல் வீட்டுக்கே கொடுத்தார்கள். கொட்டகையின் சுவர்களை ரொலான் தன் கையாலேயே எழுப்பினார், யாரையும் தொடவிடவில்லை. கூரைச் சட்டத்தை மட்டும் தச்சர் மார்ஸியாலிடம் விட்டார். இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள், ஒன்றாக அடிவாங்கியவர்களும்கூட.

எங்கள் பக்கத்தில் கூரைச் சட்டம் ஏறி முடிந்ததும் முகட்டில் ஒரு பச்சைக் கிளை கட்டுவார்கள். அன்று வீட்டுக்காரர் தச்சருக்கும் கை கொடுத்த எல்லாருக்கும் விருந்து வைக்க வேண்டும். கிளை ஏறாத கூரை, முடிந்த கூரை ஆகாது. கிஸ்லேன் நாற்பது பேருக்கு உருளைக்கிழங்கும் க்ரீமும் அடைத்த பை என்ற மாவுப் பண்டம் சுட்டு வைத்திருந்தார். மார்ஸியால் கிளையோடு ஏணியில் கால் வைத்தபோது ரொலான் ரசமட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதல் உத்திரம் ஒரு விரற்கடை சாய்ந்திருக்கிறதாம்.

“முதல்ல அதை நேராக்கு. விருந்து அப்புறம்.”

மார்ஸியால் கிளையைக் கீழே போட்டார், கருவிகளை வண்டியில் ஏற்றினார், போய்விட்டார். நாற்பது பேர் சாப்பாட்டைக் கோழிகள் நான்கு நாள் தின்றன. அடுத்த ஏப்ரலில் உத்திரங்கள் துளிர்த்தன. யாரும் கட்டாததால் மரம் தனக்குத்தானே கிளை கட்டிக்கொண்டது என்று ஊரில் பேச்சு. மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார், அண்ணாந்து பார்த்தார், வீட்டுக்குள் மரம் வளர்க்கத் தடை ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு பை நிறையக் காய் பொறுக்கிக்கொண்டு போனார்.

இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு ரொலானின் கால்கள் மக்கர் செய்தன. படி ஏற முடியவில்லை, பிறகு வாசல் தாண்ட முடியவில்லை. லிமோஜ் நகரத்தில், மருத்துவமனைக்கு எதிரே, தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்தது. கிறிஸ்துமஸ் வரைதான் வைத்திருப்போம் என்றார்கள். இந்த வீடு விற்றால்தான் அந்த வீடு. தரகர் பலகை மாட்டினார்: புதுப்பித்த பழைய கிராம வீடு, குடியிருக்க மாற்றிய கொட்டகையுடன். பதினோரு பேர் வந்து பார்த்தார்கள். பாரிஸிலிருந்து வந்த தம்பதி, குளிர்காலத்தில் இலையை நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்டார்கள். ஒரு டச்சுக்காரர் அனுமதி கேட்காமல் ஒரு கொம்பை ஒடித்தார். மறுநாள் அங்கே மூன்று முளைத்தன. பல் டாக்டர் ஒருவரின் வழுக்கைத் தலையில் முள்ளுக்காய் விழுந்தது. அவர் திரும்பி வரவில்லை.

செப்டம்பர் கடைசியில் கிஸ்லேன் புருஷனிடம் சொல்லாமல் மார்ஸியாலின் பட்டறைக்குப் போனார்.

“கூரை இன்னும் முடியலை மார்ஸியால். முடியாத வீட்டை யாரு வாங்குவா? வந்து அந்தக் கிளையைக் கட்டிடுங்க.”

“கட்டலாம். ஆனா எனக்குப் பசிக்குமே.”

“பத்தொம்பது வருஷப் பசிக்கும் சேர்த்தே போடறேன்.”

“அவன் கூப்பிட்டானா?”

“அவருக்குக் கால்தான் போச்சுன்னு நெனைச்சேன். அதுக்கு முன்னாடியே வாய் போயிருச்சு. நான் கூப்பிடறேன், வாங்க.”

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு கொட்டகையில் மேசை போட்டோம். அன்று கூரை ஏற்றக் கை கொடுத்தவர்களில் பாதிப் பேர் கல்லறைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் வந்தார்கள். உருளைக்கிழங்குப் பை, ரத்த சாசேஜ், ஆப்பிள் ஒயின், மேலிருந்து இலவசமாக செஸ்நட். தரகர் தேதியைக் குழப்பிக்கொண்டு அதே மதியம் வீடு பார்க்க ஒருத்தியை அனுப்பியிருந்தார். பள்ளிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியை, நாதேஜ். யாருக்கோ சொந்தம்போல என்று நினைத்து அவளுக்கும் தட்டு வைத்தோம். அவளும் மறுக்காமல் சாப்பிட்டாள்.

மார்ஸியால், எழுபத்தோரு வயதில், ஏணியேறி இரண்டாவது உத்திரத்திலிருந்தே ஒரு கிளை வெட்டி முகட்டில் கட்டினார். கைதட்டினோம். ரொலான் சக்கர நாற்காலியை விட்டு எழ முயன்று முடியாமல் உட்கார்ந்தபடியே சொன்னார்:

“யோவ் மார்ஸியால். உத்திரம் நேராத்தான் இருக்கு. கோணல் சுவர். நான் கட்டின சுவர். மூணாவது வருஷமே அளந்து பார்த்துட்டேன்.”

ஒரு காய் தட்டில் விழுந்தது.

“எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றார் மார்ஸியால்.

“தெரிஞ்சும் ஏன்யா சொல்லலை?”

“பன்னெண்டு வருஷம் ஞாயித்துக்கிழமை தூங்காம கட்டின சுவரு. நாப்பது பேர் முன்னாடி அதை எப்படிய்யா சொல்றது?”

ரொலான் அழுதார். நாங்கள் யாரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அது எங்கள் ஊர் மரியாதை. பிறகு அவர் நன்றி என்றார், சத்தமாக. மார்ஸியால் பாத்திரத்தை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார்.

இலையை யார் பெருக்குவது என்று நாதேஜ் கேட்டாள். முதுகு வலிக்காதவர்கள் என்றார் கிஸ்லேன். எனக்கு வலிக்காது என்றாள் அவள். நோட்டரி அவள் பெயருக்கு வீட்டுப் பத்திரம் எழுதும்போது இதை மரம் என்று போடுவதா கூரை என்று போடுவதா என்று சற்று யோசித்தார். கடைசியில் இரண்டையும் போட்டு, வருடத்துக்கு ஒரு கூடைக் காய் தச்சருக்கு என்று ஒரு வரி சேர்த்தார். கிளை ஏறியதால் இனித் துளிர்க்காது என்று நாங்கள் எல்லாரும் அடித்துச் சொன்னோம். ஒன்றும் மாறவில்லை. நவம்பரில் இலை வழக்கம்போல உதிர்ந்தது, கிளை நுனிகளில் அடுத்த வருட மொட்டுகள் இருந்தன.

டிசம்பரில் சாவி கைமாறும் நாளன்று ரொலான் தன்னைக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். ஒவ்வோர் உத்திரத்தின் கீழும் நாற்காலியை நிறுத்தி, அண்ணாந்து, நன்றி என்றார். அவசரப்படவில்லை. நகரத்துக்குப் போகும் வண்டி இஞ்சின் ஓட வெளியே காத்திருந்தது. ஏழு உத்திரங்களையும் முடித்தபின் கோணல் சுவரின் பக்கம் போய்க் கையை வைத்து, “உனக்கும்தான்” என்றார்.

நாதேஜ் சாவியை வாங்கிக்கொண்டு, துடைப்பம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.