தில்லையம்பலமும் ஹென்றி டண்டாசும்

ரொறன்ரோவின் டண்டாஸ் வீதியில் இருபத்திரண்டு வருடம் ஸ்ட்ரீட்கார் என்ற ட்ராம் வண்டி ஓட்டிய தில்லையம்பலம், அந்தப் பெயருக்குரிய மனிதர் யாரென்று ஓய்வு பெற்ற பிறகுதான் தேடத் தொடங்கினார். வீதியின் பெயரை மாற்றவேண்டும், வேண்டாம் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த நேரம். "அண்ணை, நீங்கள் அந்த றூட்டிலை ஓடினனீங்கள். அந்தாளைப்பற்றி ஒரு இருபது நிமிசம் பேசுங்கோவன்" என்று முதியோர் சங்கத்தில் கேட்டார்கள். ஓம், பேசுறன் என்றுவிட்டார்.

மூன்று மாதத்தில் அது எண்பது பக்கமாயிற்று. மோர்னிங்சைட் வீட்டுக் குசினி மேசையில் இருந்து எழுதுவார். மனைவி குணவதி மரக்கறி வெட்டியபடி கேட்டுக்கொண்டிருப்பாள். ஹென்றி டண்டாஸ், எடின்பரோ வழக்கறிஞர், முப்பத்திரண்டு வயதில் பாராளுமன்றம், பிறகு பிரதமரின் வலக்கை. ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையைப் பிடித்த காலத்தில் யுத்த மந்திரி.

"ரொறன்ரோவை ஒருநாளும் கண்டதில்லை, பாரும்" என்று சிரிப்பார்.

அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஜோசப் நைற் என்பவருக்காக டண்டாஸ் நீதிமன்றத்தில் வாதாடி விடுதலை வாங்கிக்கொடுத்த இடத்தை இரண்டுதரம் வாசித்தார்.

"நல்ல மனுசன்தான்" என்றாள் குணவதி.

அடுத்த கிழமை 1792ஆம் ஆண்டு வந்தது. அடிமை வியாபாரத்தை ஒழிக்கக் கொண்டுவந்த பிரேரணையில் ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னார் டண்டாஸ்: படிப்படியாக. அந்த வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் வர இன்னும் பதினைந்து வருடம் எடுத்தது.

"அவர் அப்பிடிச் சொல்லியிருக்காட்டி பிரேரணையே தோத்திருக்கும் எண்டும் சில பேர் எழுதியிருக்கினம். அந்தாளின்ரை பக்கமும் ஒரு நியாயம் இருக்கு."

குணவதி கத்தியைக் கீழே வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, நிலாணிக்கு நீங்களும் இதைத்தானே சொன்னனீங்கள்."

மகள் நிலாணி, ஜமெய்க்காப் பெற்றோருக்குப் பிறந்த மாக்கசைக் கட்டப்போவதாகச் சொல்லி மூன்று வருடமாகிவிட்டது. தில்லையம்பலம் மறுக்கவில்லை. கொஞ்சம் பொறு பிள்ளை, சொந்தக்காரருக்குப் படிப்படியாச் சொல்லுவம் என்றார். முதலில் தங்கச்சி மகளின் கலியாணம் முடியட்டும் என்றார், பிறகு தனக்கு ஓய்வு வரட்டும் என்றார். நிலாணி கேட்பதை விட்டுவிட்டாள். ஞாயிறுகளில் தனியே வந்து, சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

"நான் மாட்டன் எண்டு சொல்லேல்லையே?"

"மாட்டன் எண்டிருந்தா பிள்ளை சண்டையாவது பிடிச்சிருப்பாள்."

தில்லையம்பலம் கொப்பியை மூடிவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு போனை எடுத்தார்.

"பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வரேக்கை மாக்கசையும் கூட்டிக்கொண்டு வா."

"அப்பா, ஆர் யூ ஓகே?" என்றாள் நிலாணி.

மாக்கஸ் வந்தான். வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தான். பிழை என்னுடையதுதான், மூன்று வருடம் உன்னை வாசலுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டேன் என்று தில்லையம்பலம் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னார். மாக்கஸ் பரவாயில்லை என்று சொல்லவில்லை. "கஷ்டமாத்தான் இருந்தது, அங்கிள். கூப்பிட்டதுக்கு நன்றி" என்று ஆங்கிலத்திலேயே சொன்னான். அந்த நேர்மை தில்லையம்பலத்துக்குப் பிடித்துப்போயிற்று. றால் பொரியலைத் தன் கையாலேயே அவனுடைய தட்டில் போட்டார்.

பேச்சு நாளன்று எண்பது பக்கத்தில் பதினொன்றைத்தான் கொண்டுபோனார். முடிந்ததும் ஒருவர் கேட்டார்: "அப்ப அந்தாள் நல்லவரோ, கெட்டவரோ?"

"ஜோசப் நைற்றுக்கு நல்லவர். பிறகும் பதினைஞ்சு வருசம் கப்பலிலை ஏத்தினாங்களே, அந்தச் சனத்திட்டை இப்ப கேக்க ஏலாது."

தில்லையம்பலம் தாள்களை மடித்தார்.

"இன்னொண்டு. ஓகஸ்டிலை என்ரை மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை அங்கை பின்வரிசையிலை இருக்கிறார்."

எல்லாத் தலைகளும் திரும்பின. தமிழ் விளங்காத மாக்கஸ், நிலாணி முழங்கையால் இடித்ததும் எழுந்து நின்றான். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவனுக்கு. முன்வரிசையில் இருந்த குணவதி எழும்பிப்போய், வடைத் தட்டை முதலில் அவனிடம் நீட்டினாள்.