பத்து சேனலும் ஒரு கையும்

ஒரு ரேடியோ காருக்குச் சொல்ல வேண்டியது இரண்டே விஷயம்: போ, திரும்பு. ஒரு விஷயத்துக்கு ஒரு சேனல் போதுமே, எதற்குப் பத்து என்று நான் கேட்டபோது, பல் துலக்காமல் வந்து வாயைத் திறந்தவனைப் பார்ப்பதுபோல் பதினோரு பேர் என்னைப் பார்த்தார்கள். அதில் ஒருவர் நிஜமாகவே பல் டாக்டர். ரேடியோ கார் ஆர்வலர் சங்கத்தின் தலைவர்.

சங்கம் கூடுவது ஞாயிற்றுக்கிழமை காலையில், இழுத்து மூடிய ஒரு பேரங்காடியின் மொட்டைமாடியில். முன்பு கார் நிறுத்திய இடத்தில் பழைய டயர்களை வளைத்து வளைத்து வைத்து ஓடுதடம் போட்டிருந்தார்கள். எனக்கு அங்கே என்ன வேலை என்றால், என் தங்கை கணவர்.

மாப்பிள்ளை ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த இயந்திரம் அவருடைய வலது மணிக்கட்டையும் கொஞ்சம் வெட்டிப் பார்த்தது. கை இருக்கிறது, விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அன்றிலிருந்து மனிதர் ஜன்னலோர நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். சட்டைப் பித்தானைத் தங்கை போட்டுவிட்டாள். பேசவேண்டியதையும் அவளே பேசினாள். அச்சகத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு பழைய ரேடியோ காரை வாங்கிக் கொடுத்தார்கள். அதை ஓட்டும் டிரான்ஸ்மிட்டரை மட்டும் முந்தைய சொந்தக்காரர் எங்கேயோ தொலைத்துவிட்டாராம். நான்கு நாள் காரை மடியில் வைத்து, இடது விரலால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தவர் ஐந்தாம் நாள் சொன்னார்:

"மச்சான், இதை ஓட்டணும்."

எட்டு மாதத்தில் அவராக வேண்டும் என்று சொன்ன முதல் விஷயம். தங்கை என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"அண்ணா, எப்படியாவது வாங்கிக் குடுத்துடு. ஒரு மாச மளிகைக்கு மேல போயிடாம பாத்துக்கோ. மறுபடி அந்த நாற்காலிக்குள்ள போய் உக்காந்துட்டார்னா என்னால இழுக்க முடியாது."

ரேடியோ கார் கடையில் எங்களைப் பார்த்ததும் கடைக்காரர் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். துப்பாக்கி மாதிரி பிடி, பக்கவாட்டில் திருப்புவதற்கு ஒரு சக்கரம், உச்சியில் வண்ணத்திரை. அதன் விலைக்கு மளிகைக் கடையையே பேசி முடித்திருக்கலாம்.

"கீழ இருக்கிறது என்ன?" என்றார் மாப்பிள்ளை.

"அதுவா? அது சின்னப் பசங்க வாங்கறது சார்."

கீழ்த்தட்டில் தூசியோடு கிடந்தது. மாப்பிள்ளை அதை இடது கையில் எடுத்தார். ஆள்காட்டி விரலுக்கு வேகமும் பிரேக்கும். கட்டைவிரலுக்குக் குட்டிச் சக்கரம் ஒன்று, அது திருப்புவதற்கு. அவ்வளவும் ஒரே கைக்குள்.

"எவ்வளவு தூரம் எட்டும்?"

"நூறு மீட்டர் எட்டும்."

"சங்கத்துத் தடம் எவ்வளவு இருக்கும்?"

"ஒரு நாப்பது இருக்கும்."

"அப்ப போதும். கார்ல மாட்டற ரிசீவர் கூடவே வருதா?"

"வருது. கார்ல இருக்கறதைக் கழட்டிட்டு இதை மாட்டணும், அவ்வளவுதான்."

வாங்குகிற வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இந்தப் பொழுதுபோக்கில் இது பெரிய ஒழுங்கீனம் என்று அப்போது எனக்குத் தெரியாது. சில்லறையைக் கொடுக்கும்போதுதான் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "சங்கத்துல ஓட்டணும்னா தலைவர் பாத்துச் சரின்னு சொல்லணும் சார். அவர் பட்டியல்ல இது கிடையாது."

"பட்டியல்ல எது இருக்கு?" என்றேன்.

அவர் மேல்தட்டைப் பார்த்தார். மேல்தட்டு முழுக்கப் பட்டியல்தான். பட்டியலிலுள்ள எதுவும் வேறெந்தக் கடையிலும் கிடைக்காது என்பதையும் பெருமையாகச் சொன்னார். ஆனால் வேறு வழி இல்லை. வீட்டு வாசலில் பேருந்து போகிறது. மைதானமெல்லாம் மேடு பள்ளம். ஊரிலேயே சமதளமான தார் அந்த மொட்டைமாடியில்தான் இருந்தது.

அங்கே ஒரு வழக்கம். யாரும் வந்தவுடன் காரை ஓட்டிவிடக் கூடாது. முதலில் எல்லோரும் தங்கள் டிரான்ஸ்மிட்டரை ஒரு நீள மேசையில் வரிசையாகக் கிடத்த வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகக் கை மாறும். ஒருவர் தூக்கி எடை பார்ப்பார், ஒருவர் காதோரம் வைத்துச் சக்கரத்தைத் திருகுவார், ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்பார். கட்டளை போய்ச் சேர மூன்று மில்லிசெகண்டா, நான்கா என்று ஒரு சண்டை ஒரு மணி நேரம் நடந்தது. தலைவர் தன்னுடையதை வெல்வெட் பதித்த பெட்டியிலிருந்து எடுத்தார். எடுத்தவர் கட்டைவிரலை நாக்கில் நனைத்து, திருப்பும் சக்கரத்தின் பஞ்சில் தேய்த்தார். பிறகு அதைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். அந்த ஆளும் நாக்கை நீட்டினார். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டேன்.

எங்களுடையதை டாக்டர் இரண்டு விரலால் தூக்கினார், பிடுங்கிய சொத்தைப் பல்லைத் தூக்குகிற மாதிரி.

"இது என்ன சார், சோப்பு டப்பா? இதுல எத்தனை சேனல்?"

"ரெண்டு."

"ரெண்டா!" சுற்றி நின்றவர்கள் துக்கம் விசாரிக்கும் முகத்தோடு தலையாட்டினார்கள். "நம்ம தரத்துக்குக் குறைஞ்சது பத்து வேணும்."

அப்போதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "எதிர்காலத்துக்கு" என்று பதில் வந்தது. அங்கிருந்த எந்தக் காருக்கும் போவதையும் திரும்புவதையும் தவிர வேறெதுவும் தெரியாது.

திடீரென்று டாக்டரின் பார்வை மாப்பிள்ளையின் வலது கையில் விழுந்தது. முகம் பளிச்சென்று ஆனது. இரக்கம் வந்தால் ஒரு முகம் இப்படி ஆகாது; இது வேறு. "அடடா! சார், நீங்க ஒண்ணும் செலவு பண்ண வேணாம். சங்கமே உங்களுக்கு ஒண்ணு வழங்கும். அடுத்த வாரமே வழங்கறோம். சின்னதா ஒரு விழா."

படியிறங்கும்போது மாப்பிள்ளை சொன்னார். "மச்சான், வேணாம். அதுக்கு ரெண்டு கை வேணும்."

"தெரியும் மாப்ளே. வாங்கி வச்சுக்கிட்டா உள்ள சேத்துப்பாங்க. அப்புறம் உங்களுது வச்சு ஓட்டுங்க. ஒரு நாள் கூத்துதானே?"

அந்த அசிங்கத்துக்கு வழி சொன்னவன் நான். அதை மறைக்கப் போவதில்லை.

அடுத்த ஞாயிறு ஆளுயர பேனர் தொங்கியது. 'முடங்கிய கைக்கு முழு வேகம்'. அதில் டாக்டரின் பல்வரிசை ஒரு கதவு அகலம். மூலையில் தபால்தலை அளவில் மாப்பிள்ளை. படத்தை எங்கிருந்து எடுத்தார்களோ, கண் மூடியிருந்தது. கடைக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேரும் மாப்பிள்ளையை "இவர் மாதிரிப்பட்டவங்க" என்றார்கள். கைதட்டச் சொன்னார்கள். நானும் தட்டினேன்.

பெட்டியை வாங்கும் படத்தை நான்கு தடவை எடுத்தார்கள். மூன்றாவது தடவை, "வலது கையால வாங்குங்க சார், அப்பதான் நல்லாத் தெரியும்" என்று படம் எடுத்தவர் சொன்னார்.

அடுத்து வீடியோ. புது ரிசீவரைக் காரில் அவர்களே மாட்டித் தயாராக வைத்திருந்தார்கள். "ஒரு ரவுண்டு போங்க சார்!"

மாப்பிள்ளை இடது கையால் பிடியைப் பிடித்தார். இடது ஆள்காட்டி விரல் விசையை அழுத்தியது. வலது கையைத் தூக்கி, ஒரு பொட்டலத்தை வைப்பதுபோலச் சக்கரத்தின் மேல் வைத்தார். விரல்கள் வழுக்கிக்கொண்டு இறங்கின. கார் நேராகப் போய் டயரில் முட்டிக் கவிழ்ந்தது.

"திருப்புங்க சார், திருப்புங்க!" என்றார் டாக்டர், கேமராவுக்கான சிரிப்பு கலையாமல்.

மறுபடியும் நேராக. மறுபடியும் டயர்.

சங்கம் பரபரப்பானது. ஒருவர் ஓடிப்போய்க் காரைப் பிரித்தார். "சர்வோ வொயர் லூஸா?" "டிரிம் ஒரு பக்கம் இழுக்குது." "இல்லப்பா, ஆன்டெனா மடங்கியிருக்கு." "மென்பொருள் பழசு, அப்டேட் பண்ணல." "பேனர் கம்பி சிக்னலை மறைக்குது!" பேனரை இரண்டடி நகர்த்தினார்கள். இருபது நிமிடம், பதினோரு பேர், ஒரு ஆணி விடாமல் சந்தேகப்பட்டார்கள். அந்தக் கையை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. அதற்காகத்தான் விழாவே எடுத்திருந்தார்கள்.

"டாக்டர்," என்றார் மாப்பிள்ளை. குரல் பெரிதாக இல்லை. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதை ஓட்ட ரெண்டு கை வேணும். எனக்கு ஒண்ணுதான்."

எனக்கு ஒரு நப்பாசை: யாராவது ஒருவன் வெட்கப்படுவான் என்று.

"ஓ! அப்ப ஒரு ஸ்டாண்டு செஞ்சு இடுப்புல மாட்டிடலாமே!" என்றார் ஒருவர்.

"இடுப்புல வேணாம், கழுத்துல."

"அலுமினியத்துல பண்ணினா எடை குறையும்."

டாக்டர் கையை உயர்த்தினார். "இதுக்கு ஒரு துணைக்குழு போடுவோம்." அங்கேயே போட்டார்கள். துணைக்குழுவுக்கு யார் தலைவர் என்பதில் தகராறு ஆரம்பித்தது.

மாப்பிள்ளை பரிசை அந்த நீள மேசையில் வைத்தார். பெட்டியை மூடவும் இல்லை. "மச்சான், நம்ம ரிசீவரை மாட்டுங்க."

நான் தரையில் உட்கார்ந்து மாட்டினேன். இரண்டே இணைப்பு, ஒன்று போ, ஒன்று திரும்பு. அவர் தன் சோப்பு டப்பாவைப் பையிலிருந்து எடுத்தார். கட்டைவிரலைக் குட்டிச் சக்கரத்தில் வைத்தார். நாக்கில் நனைக்கவில்லை.

கார் கிளம்பியது. முதல் வளைவில் கொஞ்சம் அகலமாகப் போய் டயரை உரசியது. இரண்டாவதில் உரசவில்லை. மூன்றாவது வளைவில் அவருடைய உடம்பே அந்தப் பக்கம் சாய்ந்ததைப் பார்த்தேன். வாயைக்கூட லேசாகக் கோணிக்கொண்டார். பின்பு வேகத்தைக் கூட்டினார்.

சத்தம் கேட்டு டாக்டர் வேகவேகமாக வந்தார், பின்னாலேயே துணைக்குழு. தடத்தின் நடுவில் போய்க் காலை அகட்டி நின்றார்.

"சார், சார்! பட்டியல்ல இல்லாததைத் தடத்துல ஓட்டக் கூடாது. விதின்னு ஒண்ணு இருக்கு. நாங்க இவ்வளவு செஞ்சும்…"

மாப்பிள்ளை நிமிர்ந்தே பார்க்கவில்லை. கண் காரின் மேலேயே இருந்தது. கார் கடைசி வளைவைத் தாண்டி நேர்கோட்டில் இறங்கியிருந்தது. விரல் விசையை விடவில்லை.

"ஓரமா நில்லுங்க டாக்டர். கணுக்கால்ல அடிச்சிடும்."

டாக்டர் ஒரு விநாடி யோசித்தார். பிறகு துள்ளி ஓரமாகப் போய் நின்றார். துணைக்குழுவும் அவர் பின்னால் வரிசையாக நின்றது. கார் அவர்களைத் தாண்டி அடுத்த சுற்றுக்குப் போனது.