ஆமென் வரை நிற்கும் நிறம்

லெகாஸ்பி நகரத்தில் அறிவியலை அறிவியலாகவே புரிந்துகொண்ட ஒரே ஆள் நான்தான். இதில் பெருமைப்பட எதுவும் இல்லை. போட்டிக்கு ஆளே கிடையாது.

எங்கள் வேதியியல் ஆசிரியை சிஸ்டர் பிளாசிடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்திரண்டு வருடமாக இதே கல்லூரி ஆய்வகம். மடத்தில் மூன்று முறை ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று முறையும் திங்கட்கிழமை காலை பியூரெட் குழாய்களைக் கழுவிக்கொண்டு நின்றார். "ஆண்டவர் செஞ்சு வச்சதை இன்னும் பாதிகூடப் பார்த்து முடிக்கலயே, அதுக்குள்ள என்ன ஓய்வு?" என்பார். அமில அலமாரி மேல் மாதா சொரூபம். அதற்கும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டியிருந்தார்.

அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கடைசியில் வெளிர் ரோஜா நிறம் வரும். அது முப்பது வினாடி நிற்க வேண்டும் என்கிறது புத்தகம். சிஸ்டரோ கர்த்தர் கற்பித்த ஜெபத்தை நிதானமாக ஒருமுறை சொல்வார். ஆமென் வரை நிறம் நின்றால் சரி. ஜெபத்தின் பாதியில், 'எங்கள் அன்றாட அப்பத்தைத் தாரும்' என்று அப்பம் கேட்கிற இடத்திலேயே வெளுத்துவிட்டால், "இன்னும் ஒரு சொட்டு, மகனே."

கல்லூரிப் பத்திரிகையில் இதைக் கிழித்துத் தொங்கவிட்டேன். செல்பேசியில் அவர் ஜெபத்தைப் பத்து முறை அளந்து, 'கருவியின் பெயர்: பக்தி' என்று அட்டவணையும் போட்டேன். மறுநாள் கட்டுரை அறிவிப்புப் பலகையில் இருந்தது, சிவப்பு மைத் திருத்தத்தோடு.

"சராசரியைத் தப்பா போட்டிருக்கியே, மகனே. இருபத்தாறு இல்ல, முப்பது. மத்தபடி வயிறு வலிக்கச் சிரிச்சேன்."

பிறகு செய்முறைத் தேர்வு வந்தது. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டைவிட்டவன் நான். இதிலும் போனால் துறையை விட்டே வெளியே. செல்பேசிகள் வாசலில், கூடைக்குள். சுவர்க் கடிகாரம் போன புயலோடு நின்றுபோயிருந்தது. கைக்கடிகாரம் கிழவர்களின் ஆபரணம் என்று நானே எழுதியிருந்தேன்.

முதல் குடுவை. நிறம் வந்தது. பகுத்தறிவோடு ஒன்று, இரண்டு என எண்ணி, முப்பதில் அளவைக் குறித்துவிட்டு நிமிர்ந்தேன். குடுவை வெளுத்திருந்தது.

பக்கத்து மேசையில் ரெனான்டே கிசுகிசுத்தான். "நீ எண்ணின முப்பது பத்து வினாடிகூட ஆகலடா. பஸ்ஸா பிடிக்கப் போறே?"

இரண்டாவதும் அதே கதி. மிச்சம் ஒரே குடுவை. காரத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கினேன். கடைசியாக இன்னும் ஒரு சொட்டு விட்டேன். ரோஜா நிறம். சிஸ்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்னடா முணுமுணுக்கிறே?" என்றான் ரெனான்டே.

"சும்மா இருடா. இன்னும் அப்பத்துக்கே வரல."