முன்பின் இல்லாத துண்டு

1958ஆம் வருஷம் சகாய் நகரத்துச் சாயத் தெருவில், கோடைத் திருவிழாவுக்குச் சாமிப் பல்லக்குத் தூக்கிய நாற்பத்தொரு பேருக்கும் பின்மண்டையில் இன்னொரு முகம் முளைத்தது. யாருக்கும் வலிக்கவில்லை. எல்லோரும் தலையில் கட்டியிருந்தது புது நீலத் துண்டு.

தப்பு சாய மேஸ்திரி தொமெகிச்சியுடையது. மடித்து அடுக்கிய துணிமேல் கெண்டியால் சாயம் ஊற்றி, அடுக்கை ஒருமுறை புரட்டி மறுபுறமும் ஊற்ற வேண்டும். அதனால்தான் தலையில் கட்டும் எங்கள் தெனுகுயித் துண்டுக்கு நல்ல பக்கம், கெட்ட பக்கம் என்று கிடையாது. அன்று பார்த்து, சாயம் ஏறக்கூடாத இடங்களில் பசை தடவும் ஷிகே, "திருவிழாவோட நின்னுக்கிறேன் மேஸ்திரி. நகோயாவுல ஒரு சோயாச்சாறு வியாபாரி என்னைப் பொண்ணு கேட்டிருக்காரு" என்றாள். பதினோரு வருஷமாக அவளிடம் மனதைச் சொல்ல வாயெடுத்து, "பசை கொஞ்சம் கெட்டி" என்று மட்டுமே சொல்லிவந்த மனிதர், கணக்குத் தவறி, மறுபடியும் புரட்டி மூன்றாம் முறையும் ஊற்றிவிட்டார். துணிக்கு இல்லாத பின்பக்கம், அதைத் தலையில் கட்டியவர்களுக்கும் இல்லாமல் போனது.

புது முகங்களுக்கு மரியாதை தெரியாது. தெருத் தலைவர் பாடி முடித்ததும் பல்லக்குத் தூக்கியவர்களில் ஒருவர் "அருமைங்க" என்று குனிந்து வணங்கினார். குனிந்ததும் பின்முகம் மேலே வந்து, "கழுத தேவலாம்" என்றது. மத்தியானத்துக்குள் மூன்று சம்பந்தங்கள் முறிந்தன.

சாயங்காலம் ஷிகே மூட்டையோடு விடைபெற வந்தாள்.

"நல்லபடியா இரும்மா" என்று, தானும் அதே துண்டைக் கட்டிப் பல்லக்குத் தூக்கியிருந்த தொமெகிச்சி இடுப்பு மடியக் குனிந்தார்.

"போகாதடி!" என்றது பின்முகம்.

ஷிகே மூட்டையைக் கீழே வைத்தாள். "பின்மண்டை சொல்றத நம்பி நான் நிக்கணுமா? நிமிந்து சொல்லுங்க."

நிமிர்ந்தார். "பசை கொஞ்சம்..."

"அட மடையா!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"போகாத ஷிகே. நீ இல்லாம என்னால முடியாது" என்று முன்வாயே கடைசியில் சொல்லிவிட்டது. பாவம், அழுதேவிட்டார். இரண்டு முகத்திலும் கண்ணீர்.

எங்கள் சாயம் வெளுக்காது, முகங்களும் போகவில்லை. நாவிதர் இருபுறமும் மழிக்கப் பழகிக்கொண்டார். சம்பந்தங்கள் வேறு இடத்தில் அமைந்தன. ஷிகே இரண்டு வாய்க்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறாள். முன்வாய் எதைப் போட்டாலும் "பிரமாதம்" என்கிறது. அவள் தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.