ஏழாம் பாகம்

தம்பியின் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது தலையணையைச் செருகிவிட்டு, நாற்காலியில் இருந்த லேப்டாப்பை அவன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள் அக்கா.

"தெரியுதாடா?"

"ம். போடு."

ஏழாம் பாகம். பள்ளிக்கூட நாளிலிருந்து அந்தப் படத்தின் எல்லாப் பாகங்களையும் இருவரும் சேர்ந்துதான் பார்த்தார்கள். வேற்றுக்கிரக எந்திரங்களோடு மோதும் அந்தத் தளபதிக்காக அவன் போட்ட கூச்சலில் தியேட்டரே திரும்பி முறைத்ததுண்டு. இப்போது அவனால் கட்டிலைவிட்டு இறங்க முடியாது. லிஃப்ட் மெக்கானிக்காக இரும்புக் கயிறு இழுத்த கைகளுக்குத் தண்ணீர் டம்ளரே கனத்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தப் படம் வரட்டும் என்றுதான் அவன் காத்திருந்தான்.

படம் சகிக்கவில்லை. எந்திரங்கள் அட்டைப்பெட்டி மாதிரி சரிந்தன. ஐந்தாம் பாகத்தில் செத்த தளபதி, கண்ணாடித் தொட்டிக்குள்ளிருந்து ஈரம் சொட்ட எழுந்து வந்தார்.

"அடப்பாவிங்களா! எவ்ளோ அழகா செத்தான். நீகூட மூக்கைச் சிந்தி என் சட்டையில துடைச்ச."

"யாரு, நானா? நீதான்டா தேம்பித் தேம்பி அழுத."

சிரிப்பு இருமலானது. அவள் அவன் வாயைத் துடைத்தாள்.

"நிறுத்திடவா? மொக்கையா இருக்கு."

"வேணாம், ஓடட்டும்." சற்று நேரம் கழித்துச் சொன்னான்: "அக்கா, மூச்சு முட்டுனா என்னைத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடாத. அந்தக் குழாயெல்லாம் வேணாம்."

"வாயை மூடிட்டுப் படத்தைப் பாரு."

"சரின்னு சொல்லு."

திரையில் ஒரு நகரம் வெடித்துக்கொண்டிருந்தது.

"சரி," என்றாள்.

கடைசிச் சண்டைக்கு முன்பே அவன் மூச்சு மாறியது. ஒரு இழுப்பு வந்தால் அடுத்தது வருமா என்று பார்க்க வேண்டியிருந்தது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மா அலறினாள்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுடி! என்னடி பாத்துட்டு நிக்கிற?"

போன் அக்கா கையில்தான் இருந்தது. அதைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்லு மனசுடி உனக்கு!" அம்மா அவள் தோளில் அடித்தாள். திரும்பத் திரும்ப அடித்தாள். அவள் நகரவில்லை.

அவன் விரல்கள் ஒருமுறை இறுகித் தளர்ந்தன. லேப்டாப்பில் யாரோ வெற்றி, வெற்றி என்று கத்தினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்மணி வந்துதான் அதை மூடினார்.

சாயங்காலம் அவனோடு வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். கட்டடத்தின் லிஃப்ட் சில நாட்களாகவே ஓடவில்லை. ஆறு மாடியும் ஏறி, மூச்சு வாங்க வாசலில் நின்றார்கள். பெரிய மெக்கானிக் மட்டும் உள்ளே வந்து அவன் பாதத்தைத் தொட்டார்.

"எப்பம்மா எடுக்கறீங்க?"

"காலையில," என்றாள் அக்கா.

அவர் வெளியே போய்க் குறுகலான படிக்கட்டுத் திருப்பத்தைப் பார்த்தார். பிறகு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"ஆறுதலா ஒரு வார்த்தை பேசல, பாருங்க," என்றார் பக்கத்து வீட்டுப் பெண்மணி.

அம்மா சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அக்கா நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை. டம்ளரோடு அங்கேயே நின்றாள் அக்கா. கீழே எங்கோ சுத்தியல் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

இருட்டத் தொடங்கியபோது வெளியே ஏதோ உறுமியது. அவள் போய்ப் பார்த்தாள். லிஃப்ட் கதவு திறந்துகொண்டது. உள்ளே விளக்கு எரிந்தது. ஆள் யாரும் இல்லை. தரையைச் சுத்தமாகத் துடைத்திருந்தார்கள்.