சூடு ஆறாமல் வந்த சீசா

"ரெண்டாந் தடவையும் பாத்தாச்சு. விந்துல ஒரு உயிரணுகூட இல்ல," என்றார் தென்காசி டாக்டர். "வாலிபத்துல பொன்னுக்கு வீங்கி வந்துதா?"

"பதினேழு வயசுல. கன்னம் வத்தின பெறகு கீழ வீங்கிச்சு," என்றான் பலவேசம்.

"அதான் விதை ரெண்டும் சுருங்கிக் கிடக்கு. உம்ம பொஞ்சாதிகிட்ட ஒரு குறையும் இல்ல. வேணும்னா இந்தச் சீட்டைத் திருநெல்வேலி பெரிய டாக்டர்கிட்ட காட்டும்."

குத்துக்கல்வலசையில் வயலும் முறுக்கு மீசையுமாக நடக்கிறவன். ஆம்பளை இல்லை என்ற பேச்சு ஊருக்குள் போனால் எந்த முகத்தோடு வெளியே வருவான்?

வாசலில் மனைவி முருகம்மாள் காத்திருந்தாள். ஒரு மணி நேரத்துக்குள் சூடு ஆறாமல் வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், சீசாவை அடிவயிற்றோடு சேலையில் முடிந்து ஓட்டமும் நடையுமாக வந்தவள் அவள்தான். புருஷன் துரையோ வெட்கப்பட்டுக்கொண்டு தனியாகச் சைக்கிளில் வந்தார்.

"என்ன சொன்னாரு?"

"கோளாறு உனக்குத்தானாம்."

பாவி, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அவளும் நம்பினாள். மாமியார் சொன்னபடி ஒரு மண்டலம் குற்றாலத்து அருவியில் விடியுமுன் குளித்துக் காய்ச்சலில் விழுந்தாள். எழுந்து உட்கார்ந்ததும் இலத்தூரில் அவள் தாய் வீட்டில் கொண்டுபோய்த் தள்ளினார்கள்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் சொக்கம்மாளை இரண்டாந்தாரமாகக் கட்டினான். இரண்டு வருஷம் போனது. "இவளும் மலடிதான்" என்று அவன் வாயே கூசாமல் சொன்னது. அடுத்த சில மாதத்தில் சொக்கம்மாள் வாந்தி எடுத்தாள். ஊரே அவன் முதுகில் தட்டியது. சிரித்தான். வேறு என்ன செய்வான்?

வளைகாப்பன்று சொக்கம்மாள் அவனை அறைக்குள் கூப்பிட்டாள்.

"பட்டு வேட்டிக்கு அடியில ஒளிச்சு வச்ச சீட்டு எங்கிட்ட இருக்கு. நீங்க என்னை மலடின்னு சொன்ன மறுநாளே அந்த டாக்டர்கிட்டயே கொண்டுபோயி வெவரம் கேட்டுட்டேன்."

"யாருட்டி அவன்?"

"தெரிஞ்சு என்ன செய்யப் போறிய? ஊரைக் கூட்டுவியளா?"

ஓங்கிய கை தானாக இறங்கியது.

"வாசல்ல முருகம்மாக்கா வந்து நிக்கா. பொம்பளையளுக்கு நடுவுல உக்கார விட்டா டாக்டரு, சீசான்னு பேச்சு வளரும். நீங்களே போயி அனுப்பிருங்க."

முருகம்மாள் மெலிந்து கறுத்திருந்தாள். கையில் ஒரு டஜன் கண்ணாடி வளையல்.

"ஒண்ணே ஒண்ணு போட்டுட்டுப் போயிருதேன்," என்றாள்.

எல்லாவற்றையும் சொல்லி அவள் காலில் விழுந்துவிடலாம் என்று அவனுக்கு ஒரு கணம் நெஞ்சு துடித்தது உண்மை. திரும்பிப் பார்த்தான். சொக்கம்மாள் மடியைத் தடவிக்கொண்டு நின்றாள். சீட்டு அங்கேதான் இருந்தது.

"மலடி கை படப்படாது. வெளிய போ," என்றான், கூட்டம் முழுக்கக் கேட்கும்படி.

"சரிதான். நாந்தான் யோசிக்காம வந்துட்டேன்," என்று வளையல்களைப் படியில் வைத்தாள் முருகம்மாள். அழவில்லை. அவன் முகத்தை ஒருதரம் பார்த்து, மனதாரச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

"பிள்ளை உங்க சாடையிலேயே பொறக்கட்டும்."